பாரே என்று கூப்பிடாத காரணம்

இனராஹான், குவாம்
16 பிப்ரவரி 1987

பெலிக்ஸ்,

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. இருந்தாலும் ரெமெதியோஸும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும்.

உனக்கு நாலாவதாக ஆண் குழந்தை பிறந்ததை நீ எனக்கு எழுதவில்லை. தபால் ஆபீஸில் உன் தங்கை கார்மேலாதான் சொன்னாள். ஈஸ்டர் முடிந்ததும் குழந்தையோடு வருகிறீர்களாம். மற்ற மூன்றையும் போல இதற்கும் நம் கோயிலிலேயே ஞானஸ்நானமாம். ஞானத்தகப்பன் யார் என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும் வாத்தியாரே, எங்கண்ணனைக் கேளுங்க" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினாள். அதனால் கேட்கிறேன்.

பிள்ளையைப் பெற்றவனும் அதைத் தூக்கி ஞானஸ்நானம் வாங்கிக்கொடுத்தவனும் ஒருவரையொருவர் 'பாரே' என்று கூப்பிடுவதுதான் நம் வழக்கம். பூசைக்கு உதவி செய்த வயதில், "என் முதல் பிள்ளையை நீதான் தூக்கணும், சாகிறவரைக்கும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்" என்றவன் நீ. லொரெனா பிறந்தாள். கடற்படையிலிருந்து விடுமுறையில் வந்த உன் மச்சான் தூக்கினான். மெழுகுவத்தியைப் பிடிக்கத் தெரியாமல் குழந்தையின் தொப்பியில் மெழுகைச் சொட்டவிட்டான். இரண்டாவதுக்கு அகானாவில் கார் விற்கும் பெனவெந்தே. "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று சாமியார் கேட்டபோது, "பார்க்கலாம், ஃபாதர்" என்றவன். மூன்றாவதுக்கு உன் சித்தப்பா மகன். அவன் நின்றபடியே தூங்கினான்.

இந்த மூவருக்கும் ஞானப்பெற்றோர் வகுப்பு எடுத்தது நான். இந்தக் கோயில் பங்கில் யார் பிள்ளையை யார் தூக்குவதானாலும் என்னிடம் வந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். என்னையும் பலர் கேட்டார்கள். முதலில் பெலிக்ஸின் பிள்ளை, பிறகுதான் மற்றவை என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். நீயோ ஒவ்வொரு முறையும் விருந்துக்குப் பன்றி சுடுவதற்கு மட்டும் என்னைத் தேடுகிறாய்.

நான் எதில் குறைந்தவன்? நேராகப் பதில் எழுது.

இப்படிக்கு,
கிரெகோரியோ தைதாகே

*

சான் டியேகோ
2 மார்ச் 1987

என் அன்புக் கோரோவுக்கு,

முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, யாரோ வக்கீல் எழுதியிருக்கிறார் என்று ரெமெதியோஸ் பயந்துவிட்டாள். பையன் உருண்டையாக இருக்கிறான். பசித்தால் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் ஒளிந்துகொள்கிறது.

நீ எதிலும் குறைந்தவன் இல்லை. இந்த மூன்று பேரையும் சேர்த்தாலும் உன் கால்தூசி பெறாது. காரணம் இருக்கிறது. ஆனால் அது என்னுடைய காரணம் இல்லை. சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். கெட்ட காரணமும் இல்லை என்பதை மட்டும் நம்பு.

ரெமெதியோஸ் வேலை செய்யும் இடத்தில் ஒரு நல்ல மனிதர் இருக்கிறார், பல் வைத்தியர். அவரைக் கேட்கலாமா என்று பேச்சு. கோபித்துக்கொள்ளாதே. ஞானஸ்நானம் மே மூன்றாம் தேதி. விருந்துக்குச் சிவப்புச் சோறு ஆக்கப் பெண்கள் இருக்கிறார்கள். பந்தலையும் பன்றியையும் உன்னைத் தவிர யாரை நம்புவேன்?

உன்
பெலிக்ஸ்

*

இனராஹான்
11 மார்ச் 1987

பெலிக்ஸ்,

பல் வைத்தியர்! பையனுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.

பந்தலும் இல்லை, பன்றியும் இல்லை. இந்தத் தவக்காலத்துக்கு எல்லோரும் இறைச்சியை விட்டிருக்கிறார்கள். நான் உன்னை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

இதை எழுதப் போகிறேன் என்று சொல்லி இன்று காலை தபால்தலை வாங்கப் போனேன்.

"திட்டித்தானே எழுதப்போறீங்க?" என்றாள் உன் தங்கை. "எதுக்கு விமானத் தபால்? கப்பல்ல போகட்டும், போய்ச் சேர்றதுக்குள்ள சூடு ஆறிடும்."

"உங்கண்ணனுக்கு என்னைப் பாரேன்னு கூப்பிட வெட்கமா இருக்கு. அதான் விஷயம்."

"அவ்வளவு ஆசையா உங்களுக்கு, அவனுக்குப் பாரே ஆகறதுல?"

"உலகத்துல அதைவிட எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

எப்போதும் ஒரு வார்த்தைக்குப் பத்து வார்த்தை திருப்பிக் கொடுப்பவள், தபால்தலையை மட்டும் என் பக்கம் தள்ளினாள். மீதிச் சில்லறையைக் கொடுக்காமலே உள்ளே போய்விட்டாள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற கிழவர் என்னை முறைத்தார். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே என்னைக் கண்டால் இளக்காரம் என்று புரிகிறது.

சத்தியம், கித்தியம் என்று எழுதாதே. காரணம் வராவிட்டால் இதுவே கடைசிக் கடிதம்.

கிரெகோரியோ

*

சான் டியேகோ
24 மார்ச் 1987

கோரோ, முட்டாளே,

கார்மேலா போன் செய்தாள். அழவில்லை, அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "அண்ணா, அந்த வாத்தியாருக்கு உலகத்துலயே உன் புள்ளைதான் வேணுமாம். கொடுத்துத் தொலை. அதோட அவரும் எனக்கு ஒரு அண்ணன்னு ஆயிடுவாரு. நானும் நிம்மதியா வேற வேலை பாப்பேன்" என்றாள். சத்தியத்திலிருந்தும் என்னை விடுவித்துவிட்டாள். ஆகவே எழுதுகிறேன்.

லொரெனா பிறந்தபோது உன்னைக் கேட்கத்தான் கிளம்பினேன். வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள் என் தங்கை. என் பிள்ளையை நீ தூக்கினால் நீ எனக்குப் பாரே. பாரே ஆனவன் உடன்பிறந்தவன் மாதிரி; என் தங்கை அவனுக்கும் தங்கை. பாரேயின் தங்கையைக் கட்டத் திருச்சபைச் சட்டத்தில் தடை இல்லை என்று நீ வகுப்பில் சொல்வாய். நம் ஊரில் அப்படி ஒரு கல்யாணம் நடந்து பார்த்திருக்கிறாயா? என் சித்திமார் கோயில் வாசலிலேயே படுத்து மறித்துவிடுவார்கள்.

"கொஞ்சம் பொறு அண்ணா, அவரே வந்து கேப்பாரு" என்றாள். பொறுத்தேன். நீ கேட்கவில்லை. அடுத்த பிள்ளைக்கும் பொறுத்தேன். பெனவெந்தேயைப் போன்றவனை எல்லாம் நான் பாரே என்று கூப்பிட்டுக்கொண்டு திரிவது யாரால் என்று நினைக்கிறாய்? அவனிடம் ஒரு ஓட்டைக் காரை வேறு வாங்கித் தொலைத்தேன்.

இனி உன் இஷ்டம். பல் வைத்தியரை இன்னும் கேட்கவில்லை. மே மூன்றாம் தேதி பையனை உன் கையில் கொடுக்க நான் தயார். கொடுத்தபின் அவள் உனக்குத் தங்கை, அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. யோசித்து எழுது.

பெலிக்ஸ்

*

இனராஹான்
3 ஏப்ரல் 1987

பெலிக்ஸ்,

உன் கடிதத்தை என்னிடம் நீட்டியவளே அவள்தான். "இங்க நின்னு பிரிக்காதீங்க" என்றாள். வீட்டுக்குப் போய்ப் படித்தேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவே மறந்துவிட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு வரி, ஒரு ஜாடை, ஒரு கண்சிமிட்டல் போதாதா? நானும் கேட்க நினைத்தவன்தான். பிள்ளையை நம்பித் தூக்கக் கொடுக்காத வீட்டில் பெண்ணையா கொடுக்கப்போகிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். என்னை நீங்கள் ஒதுக்கிவைத்ததாக நான் நினைத்துக்கொண்டிருக்க, நீங்கள் எனக்காக இடம் போட்டு வைத்திருக்கிறீர்கள்! இப்படியும் ஒரு குடும்பம் உண்டா?

பையன் எனக்கு வேண்டாம். அவன் தலையைத் தாங்கிப் பிடிக்க என் கைக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டாம். பல் வைத்தியரையே கேள். ஒரே நிபந்தனை: வந்து இறங்கிய அன்றே என் வகுப்புக்கு வர வேண்டும். சாத்தானை விடுவதென்றால் தயங்காமல் விட அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். பந்தல் என் பொறுப்பு. பன்றியும் பார்த்துவைத்துவிட்டேன்.

இன்று மாலை தபால்தலை வாங்கப் போனேன். கடைசி ஆள் போகும்வரை காத்திருந்தேன்.

"எங்கண்ணனுக்கா? சரின்னு எழுதப்போறீங்களாக்கும்" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"முடியாதுன்னு எழுதப்போறேன்."

"ஏனாம்? உலகத்துல வேற ஒண்ணும் வேணாம்னீங்க."

"எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சிங்க போதும். புதுசா ஒருத்தி வேணாம்."

தபால்தலையைக் கிழித்தவள் நடுவிலேயே கிழித்துவிட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் கிழித்தாள்.  அப்போதுதான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். வகுப்பில் கேட்பதுபோல் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் கவுண்டரின் மரத்தட்டியை இறக்கினாள். பாதி இறங்கியதும் அதற்குக் கீழே குனிந்து, "இத்தனை வருஷம் என்னைக் காக்க வச்சீங்கல்ல? ஒரு ராத்திரி நீங்க காத்திருங்க. நாளைக்குக் கடுதாசியோட வாங்க, சொல்றேன்" என்றாள். தட்டி விழுந்தது. உள்ளே சிரித்த மாதிரி இருந்தது. சத்தியம் செய்ய மாட்டேன்.

இப்போது கடிதத்தின் அடிக்கு வந்துவிட்டேன். கிரெகோரியோ என்று போட்டால், சண்டை பிடித்துக்கொண்டு உனக்கு எழுதிய ஆள் அவன்; அவன் எனக்கே அலுத்துவிட்டான். பாரே என்று போடும் உரிமையை மேலே நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மச்சான் என்று போடலாம் என்றால் அவள் வாய் திறப்பதற்குள் நான் எப்படிப் போடுவது? அவள் பதில் சொன்ன பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கவும் மனம் இல்லை. நாளைக் காலை கையெழுத்துப் போடாமலே இதை அவளிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கிறேன்.