உப்பு பூத்த சுவர்

2005 ஜூன் 12, ஞாயிறு

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

வீட்டை விற்க அண்ணன் இன்று ஆள் அழைத்து வந்தார். பாண்டிச்சேரியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கூடவே ஆஸ்துமாக்கார மனைவி. சுவரில் பூத்திருந்த உப்பை அண்ணன் பெருமையாகத் தடவிக் காட்டினார்.

"உப்புக் காத்து மூச்சுக்கு நல்லதுங்க. இந்த மாதிரி சுவரு மரக்காணத்துலயே வேற எங்கயும் கிடையாதுங்க."

கிடையாதுதான். மற்றவர்கள் நல்ல தண்ணீரை வண்டியில் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். இவர் வண்டிக்கூலி மிச்சமென்று உப்பளத்து வாய்க்கால் தண்ணீரில் சிமென்ட் குழைத்தார். அன்றே தடுத்தேன். "படிச்சவன் பேச்சக் கேட்டா வீடு எழும்பாதுடா" என்றார். உள்ளே கம்பியெல்லாம் துரு. போன மாதம் என் கட்டில்மேல் கூரை பெயர்ந்து விழுந்தது. பூசி, வெள்ளையடித்து மறைத்துவிட்டார்.

அந்த அறையில்தான் அந்த அம்மா நின்று ஆழமாக மூச்சிழுத்தார். "இங்கயே நம்ம கட்டிலப் போட்டுக்கலாங்க" என்றார் கணவரிடம்.

வீடு விற்றால்தான் என் பங்கு கைக்கு வரும், நானும் வெளியேறலாம். இல்லையென்றால் இதே கூரைக்குக் கீழேதான் கிடக்க வேண்டும். இருந்தும் தலைமையாசிரியர் கொடுத்துச் சென்ற முகவரிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நாளையும் அண்ணன் வீட்டுச் சோற்றைத்தான் தின்ன வேண்டும். கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.