தொட்டியைக் கழுவிய தப்பு

நவம்பர் 21, வெள்ளி.

மகள் ஸ்டெல்லா இன்றும் போனில் சரியாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணையாக அவள் அப்பா இருக்கிறார். காமாலை இன்னும் இறங்கவில்லை என்கிறார் டாக்டர்.

எங்கள் தெருவில் பதினோரு பேருக்குக் காமாலை. யாருக்கு எந்தத் தேதியில் கண் மஞ்சளானது என்று நோட்டில் எழுதி, மாவட்ட சுகாதார அலுவலகத்தில் மனு கொடுத்ததே நான்தான். தண்ணீரைச் சோதிக்க ஆய்வாளரை அனுப்பினார்கள். ஆபீசர் வரும்போது பாசி பிடித்த தொட்டியைக் காட்டுவதா என்று வெட்கப்பட்டு, முந்தின நாளே தெருத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி பிளீச்சிங் பவுடரும் போட்டேன்.

இன்று முடிவு வந்தது. தொட்டியில் எடுத்த தண்ணீரில் கிருமி இல்லையாம். சாக்கடை கலக்கிறதா என்று இனிமேல் குழாயைத் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். எதிர் வீட்டில் அதற்குள் காய்ச்சாமல் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாம்மா நீ, பொண்ணு பாக்க வர்றாங்கன்னு தொட்டிய ஜோடிச்சு வெச்சியா?"

ஆய்வாளருக்குப் போன் செய்து அழுதேன். "சார், தப்பு என்னோடது. நான்தான் கழுவிட்டேன்."

"அத அன்னிக்கே சொல்லக் கூடாதாம்மா?" என்றார். "மறுபடி தண்ணி எடுக்கணும்னா மேலதிகாரி கையெழுத்து வேணும். திங்கக்கெழம நோட்டோட வேலூர் ஆபீசுக்கு வாங்க, கேட்டுப் பாக்கறேன். அதுவரைக்கும் தொட்டியத் தொடாதீங்க."

தொடவில்லை. ஸ்டெல்லா குடித்த அதே தண்ணீர் தொட்டியில் விழுவது இங்கே கேட்கிறது. கர்த்தரே, அவர்கள் வரும்வரை அது அழுக்காகவே இருக்கட்டும். இப்படி ஜெபிக்கலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.