கெசியா பாடிய கங்கையம்மன் பாட்டு

அகரம்தென்
22 ஜூன் 2025

அன்புள்ள கீதாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். மெயிலில் இவ்வளவு நீளமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தையின் காது இரண்டு அங்குலம் நீண்டுவிடுகிறது. பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சத்தம் நசுங்கிப் போகும் என்று உன் ஃபிரெடியே சொல்லியிருக்கிறார். ஆக மெயில்தான். உட்கார்ந்து எழுத ஆரம்பித்த பிறகு நாலு வரியோடு நிறுத்த என்னால் முடியாது, உனக்கே தெரியும்.

விஷயம் இதுதான். ஆடி மூன்றாம் ஞாயிறு நம் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். வருஷா வருஷம் ஸ்பீக்கரில் போட்ட பாட்டையே போடுகிறோம், இந்த முறை நம் ஊர் அம்மனுக்கென்று தனியாக ஒரு பாட்டு வேண்டும் என்று கோயில் கமிட்டியில் பேச்சு வந்தது. உன் அண்ணன் சும்மா இருக்காமல், "எங்க வூட்ல டேப்லெட்லயே ட்ரம்ஸ் அடிச்சுகினு ஒருத்தி கீறா" என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறார். மறைமலை நகர் கம்பெனியில் ஒரு ஷிஃப்ட் முழுக்க வாயைத் திறக்காத மனிதர், கோயில் வாசலில் மட்டும் திறக்கிறார்.

நான் பயப்படவில்லை. உன் பழைய அறைதான் இப்போது என் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றால் ஒரு டேப்லெட், ஒரு மைக், ஜன்னலை அடைக்க ரெண்டு போர்வை. வரியெல்லாம் எழுதிவிட்டேன், மெட்டும் வந்துவிட்டது. தாளத்தைத் திரையில் கட்டம் கட்டமாகத் தொட்டுத் தொட்டுப் போட்டிருக்கிறேன், கேட்டுப் பார். குரல்தான் இல்லை. என் குரலுக்கு நம் குக்கர் விசில் எவ்வளவோ பரவாயில்லை.

நீ பாடு. ஃபிரெடியைக் கட்டிக்கொண்டாய் என்று அத்தை உன்னை வாசப்படி மிதிக்காதே என்று சொல்லி ரெண்டு வருஷம் ஆகிறது. கால்தானே வரக்கூடாது. குரல் வரக்கூடாதென்று யாரும் சொல்லவில்லையே. கேளம்பாக்கத்தில் இருந்து நீ அனுப்பு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பதிலைவிட உன் ட்ராக்குக்காகக் காத்திருக்கும்
ஷர்மிளா அண்ணி


கேளம்பாக்கம்
28 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

பாட்டு இணைப்பில் இருக்கிறது. துணி பீரோவைத் திறந்து வைத்து, புடவைகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு பாடினேன். எதிரொலி வராமல் இருக்க இந்த ஃபிளாட்டில் இதைவிட நல்ல இடம் இல்லை. ஃபேனையும் நிறுத்தியாயிற்று. ஃபிரெடி ஒரு கையில் மைக்கும் இன்னொரு கையில் விசிறியுமாக நின்றான். சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் கங்கையம்மன் பாட்டுக்கு விசிறி வீசினான் என்று கமிட்டிக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

பாட்டு ரொம்பப் பிடித்தது. "ஏரி நெறஞ்சா எங்கம்மா சிரிப்பா" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்துதான் மிச்சத்தைப் பாட முடிந்தது. தாளம் மட்டும் பிடிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு அடியும் ஸ்கூல் பிரேயரில் பிள்ளைகள் நிற்பது போல இடைவெளி விட்டு நிற்கிறது. அம்மனுக்குப் பம்பை வேண்டாமா அண்ணி? பம்பை இல்லாமல் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அப்புறம் ஒன்று, இது விளையாட்டில்லை. பாடியது நான் என்று அம்மாவிடம் சொல்லக்கூடாது. பாட்டைக் காட்டி உள்ளே நுழையப் பார்க்கிறாள் என்று அவள் நினைத்துவிடக்கூடாது. நான் தப்பு எதுவும் செய்யவில்லை. போ என்று சொன்னது அம்மா, வா என்று சொல்ல வேண்டியதும் அம்மாதான். அவள் வாயால் சொன்னால் அந்த நிமிஷமே கிளம்பி வருவேன். அது வரைக்கும் குரல் மட்டும் அங்கே இருக்கட்டும்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கீதா


அகரம்தென்
5 ஜூலை 2025

அன்புள்ள கீதாவுக்கு,

நீ சொன்னதும் ஒரு நாள் முழுக்க உன்மேல் எரிச்சல். மறுநாள் கேட்டுப் பார்த்தால் நீ சொன்னதுதான் சரி. கோயிலுக்குப் பம்பை அடிக்கும் பூவராகன் அண்ணனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக அடிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டேன். "இன்னாம்மா இது, கீரைய கட்டு கட்டா பிரிக்கிற மாதிரி" என்று சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார். இப்போது டேப்லெட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டால் ஒரு பம்பை அடி. சிலதைக் கட்டத்தைவிட்டு மயிரிழை முன்னே தள்ளி, சிலதைப் பின்னே இழுத்து வைத்தேன். உடனே அதற்கு உயிர் வந்துவிட்டது. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன், வேறு யார் தட்டப் போகிறார்கள்.

உன் பாட்டை அத்தை கேட்டுவிட்டார். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போகிறவர் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"யாருடி அது பாடுறது?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "கெசியான்னு ஒரு பொண்ணு அத்தை. மேடவாக்கம்."

"ஏசு கும்புடுற பொண்ணு நம்ம அம்மனுக்குப் பாடுதா?" என்றார். வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "நல்லாத்தான் பாடுது. மூச்சுதான் வாங்குது பாவம். இன்னொரு தபா போடு" என்றார். ஈரத்துணி வாளியைக் கீழே வைக்காமலே முழுசும் கேட்டுவிட்டுப் போனார்.

மூச்சு விஷயம் எனக்கும் தோன்றியது. இரண்டாவது சரணத்தில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் இழுத்து வாங்குகிறாய். வெட்டி எடுத்துப் பார்த்தேன், எடுத்தால் பொம்மை பாடுவது போல இருக்கிறது. அந்தச் சரணத்தை மட்டும் திரும்பப் பாடி அனுப்பு.

ஷர்மிளா அண்ணி


கேளம்பாக்கம்
9 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

திரும்பப் பாடி அனுப்பியிருக்கிறேன். இதிலும் மூச்சு வாங்கினால் என்னைக் குறை சொல்லாதீர்கள், பழுதாகிக் கிடக்கும் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டைச் சொல்லுங்கள். மூன்றாவது மாடிக்கு ஏறி இறங்கினால் யாருக்குத்தான் வாங்காது. ஃபிரெடி வேறு என்னைப் பைக்கில் ஏற்றவே மாட்டேன் என்கிறான், எங்கே போனாலும் ஆட்டோ.

அம்மா வாளியோடு நின்றாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெயிலில் அவளை மாடி ஏற விடாதீர்கள்.

உங்கள் கீதா


அகரம்தென்
13 ஜூலை 2025

அன்புள்ள கீதாவுக்கு,

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் பம்பையும் உடுக்கையும் கச்சிதமாக வந்துவிட்டது. ஹெட்போனில் கேட்டது போதும், கோயிலில் எப்படிக் கேட்கும் என்று பார்க்கலாமென்று உன் அண்ணனின் பெரிய ஸ்பீக்கரில் மாட்டினேன். உன் குரலை எடுத்துவிட்டு, கடைசியில் வேகம் ஏறுகிற துண்டை மட்டும் சுற்றிச் சுற்றி ஓடும்படி லூப்பில் போட்டேன். போட்டுவிட்டு மீன் குழம்பு பார்க்கக் கீழே இறங்கிவிட்டேன். இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள் எவளாவது இப்படிச் செய்வாளா? பம்பை அந்த வேகத்துக்குப் போனால் நம் வீட்டில் யாருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தாளம் சரியாக விழுகிறதா என்ற நினைப்பில் அத்தையை மறந்தே போனேன்.

அத்தை கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார், கொண்டை அவிழ்ந்தது, சாமி வந்துவிட்டது. நான் மாடிக்கு ஓடிப்போய் டேப்லெட்டைத் தொட்டால், என் கையெல்லாம் மஞ்சளும் எண்ணெயும், திரை எதையும் கேட்க மாட்டேன் என்கிறது. முந்தானையில் துடைத்துத் துடைத்து ஒருவழியாக நிறுத்திவிட்டு வருவதற்குள் பக்கத்து வீட்டு கங்கையம்மாள் அக்கா வேப்பிலையும் கற்பூரமுமாக வந்து நிற்கிறார். உன் அண்ணன் சட்டைகூடப் போடாமல் கைகட்டி நிற்கிறார்.

"ஆத்தா, இன்னா கொறைன்னு சொல்லு" என்று அக்கா கேட்டார்.

"கொறை கீது" என்றது சாமி. அதற்கு மேல் பேச்சில்லை, ஆட்டம்தான்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நடுவில் புகுந்து கேட்டுவிட்டேன். "தாயே, இந்த வூட்டுப் பொண்ணு ஒண்ணு வெளியில கீதே, அதுக்கு இன்னா சொல்ற?"

சாமி என்னை நன்றாக ஒரு பார்வை பார்த்தது. "அவள வரச் சொல்லு" என்றது. கங்கையம்மாள் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாமி மலையேறியதும் அத்தை தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னா எல்லாரும் இங்கியே நிக்கிறீங்க" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னோம். முறத்தை இழுத்துக் கீரையை ஆய ஆரம்பித்துவிட்டார்.

சாமி வாக்கு கீதா. இதை மீற இந்த வீட்டில் ஆளில்லை. நாளைக்கே கிளம்பி வா.

ஷர்மிளா அண்ணி


கேளம்பாக்கம்
16 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஃபிரெடிக்குப் படித்துக் காட்டினேன். மஞ்சள் கையை டேப்லெட் மதிக்காத இடத்தில் ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் வர மாட்டேன். கூப்பிட்டது சாமி. நாளைக்கு வீட்டில் ஒரு சின்னப் பேச்சு வந்தால், "நானாடி உன்னக் கூப்ட்டேன், ஆத்தா கூப்ட்டா, வந்த" என்று அம்மா சொல்வாளா மாட்டாளா, நீங்களே சொல்லுங்கள். கேள்வி கேட்டது நீங்கள், பதில் சொன்னது சாமி, அம்மா கீரை ஆயப் போய்விட்டாள். இதில் அம்மா எங்கே இருக்கிறாள்? ஃபிரெடி பேரை யாரும் எடுக்கவும் இல்லை. "அவளை" மட்டும் வரச் சொன்னால் அவன் யார், என்னை இறக்கிவிட வந்த ஆட்டோக்காரனா?

சாமிமேல் எனக்கு பக்தி உண்டு, ஆனால் எனக்கு இப்போது அம்மா வேண்டும். இந்தக் கூழுக்கும் அவளாக என்னைக் கூப்பிடாவிட்டால் நான் இனிமேல் எதிர்பார்க்கப் போவதில்லை. பின்னால் கூப்பிட்டாலும் வர மாட்டேன். இதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, கேட்காதீர்கள். என்மேல் கோபம் இருந்தால் என் குரலை எடுத்துவிட்டு வேறு யாரையாவது பாட வைத்துக்கொள்ளுங்கள்.

கீதா


அகரம்தென்
29 ஜூலை 2025

அன்புள்ள கீதாவுக்கு,

இத்தனை நாள் நான் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். உன் வறட்டுப் பிடிவாதத்துக்கு நான் ஏன் நடுவில் நின்று அடிவாங்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் தினமும் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். தெருவில் ஆட்டோ நின்றால் போதும், கேட் வரைக்கும் போய்விட்டு, ஏதோ கோலமாவு சிந்தியதைப் பார்க்கப் போனவர் போலத் திரும்பி வருவார்.

நேற்று அவரே கேட்டுவிட்டார். "சாமி வாக்கு சொல்லிச்சாமே. யாரையும் காணோமே."

நான் மூடி மறைக்கவில்லை. "சாமி கூப்ட்டா வரமாட்டாளாம் அத்தை. நீங்க கூப்பிடணுமாம்."

"திமிரப் பாரு. அப்படியே என்னிய உரிச்சு வெச்சிகினு கீது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இன்று காலை மாடி ஏறி அறைக்குள்ளேயே வந்தார். நீ போன பிறகு உள்ளே கால் வைத்தது இதுதான் முதல் தடவை. "அன்னிக்குப் போட்டியே, அந்த அடியப் போடு" என்றார். தரையில் சம்மணமிட்டு, கொண்டையைத் தானே அவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். போட்டேன். பம்பை சுற்றிச் சுற்றி ஓடியது, ஒன்றும் வரவில்லை. "சத்தமா வை." வைத்தேன். தோள்கூட அசையவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். சாமி வாயாலேயே இன்னொரு முறை சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது, எனக்குப் புரிந்தது அவருக்கும் தெரிந்தது.

கொண்டையை முடிந்துகொண்டார். "ஆத்தாவுக்கு ஆயிரம் வேல. நிறுத்து அத. இதுல பேசினா பதியுமா?"

மைக்கை நீட்டினேன். அவர் பேசியது இணைப்பில் இருக்கிறது. தாளம் சேர்க்கவில்லை, ஒரு இடத்திலும் வெட்டவில்லை. உன்னால் திறக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று எழுதியும் வைக்கிறேன்:

"கீதா, அம்மா பேசுறேன். கெசியாவாம், கெசியா. யாருகிட்ட? மொத வரியிலியே தெரியும் எனக்கு. ரெண்டு வருசமா எந்தக் கோயில்ல எவ பாடினாலும் உன் கொரலுதான் காதுல கேக்குது, நேருல கேட்டா தெரியாதா. ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்குற. மாடி ஏறினா வாங்குற மூச்சு இல்லடி அது. நீ வயித்துல இருக்கிறப்போ நாத்து நட்டுகினே பாடுவேன், அப்போ எனக்கு வாங்கின மூச்சு. எத்தினி மாசம்? ஞாயித்துக்கெழம கூழு. ரெண்டு பேரும் வாங்க. அந்தப் புள்ளைக்குக் கூழு ஒத்துக்கலன்னா சோறு ஆக்கித் தரேன். இது ஆத்தா சொல்றது இல்ல. நான் சொல்றேன்."

பேசி முடித்ததும், "போயிடுச்சா?" என்று கேட்டார். நான் அனுப்பினால்தான் போகும் என்றேன். "அனுப்பு அப்புறம், இன்னா பாத்துகினு கீற" என்று திட்டிவிட்டு இறங்கிப் போனார்.

உன் ட்ராக்கை நூறு தடவை கேட்டிருப்பேன். வெட்டினேன், ஒட்டினேன், உங்கள் லிஃப்டைத் திட்டினேன். என் காதுக்குத் தெரியவில்லை பார். கோயிலுக்கு நீ முதலில் பாடியதையே கொடுத்துவிட்டேன், மூச்சோடு. என்னிடமே மறைத்தாய் அல்லவா, நேரில் வா, இருக்கிறது உனக்கு.

ஷர்மிளா அண்ணி


கேளம்பாக்கம்
30 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஐந்தாவது மாதம். அம்மாவிடம் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம், நானே வந்து சொல்கிறேன்.

உங்களிடம் மறைக்க வேண்டும் என்று இல்லை. தெரிந்தால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள், பிள்ளைக்காகக் கூப்பிட்டதாக ஆகிவிடும், எனக்காகக் கூப்பிட வேண்டும் என்று வீம்பாக இருந்தேன். கடைசியில் நான் ஒளித்து வைத்ததை என் பாட்டே போய்ச் சொல்லியிருக்கிறது. ஆனால் "ரெண்டு வருசமா" என்று அவள் சொல்லும்போது அந்தக் குரலைக் கேட்டேன். அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஃபிரெடி ஹெட்போனைக் கழற்றித் தரவே இல்லை. கேட்டு முடித்ததும், தனக்குக் கூழ் ஒத்துக்கொள்ளும் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாம்பாக்கம் வழியாகக் காரில் வருகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள் அண்ணி. நாங்கள் வந்து சேரும்வரை அந்த டேப்லெட்டை ஸ்பீக்கரில் இருந்து கழற்றி வையுங்கள், பூவராகன் அண்ணனையும் கோயிலிலேயே பிடித்து வையுங்கள். வாசலுக்கு வருவது அம்மாவாக இருக்கட்டும்.

கீதா