ஷட்டரில் இடித்த ஜீப்

வீட்டு மகாராணியின் சமூகத்துக்கு, உன் அடிமை வணங்கி எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. உன் முழங்கால் வலி குறைந்ததா? நம் குட்டி மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரே கொண்டாட்டம்! காடுமேடெல்லாம் ஏறுகிற ஜீப் ஒன்றை இன்னும் உயரமாக்கும் வேலையை முதலாளி முதன்முறையாக என்னிடமே ஒப்படைத்தார். "சொதப்பினா மறுபடி வண்டி கழுவத்தான் போகணும்" என்றார். புது ஸ்பிரிங், நீள ஷாக் அப்சார்பர், யானைக்குட்டி போல டயர் என்று எல்லாம் மாட்டி நிறுத்தினேன். மேகமே விலகி வழிவிட்டது என்றால் நம்பு. ஜீப்பின் சொந்தக்காரரும் வந்துவிட்டார். வெளியே எடுத்தால், வண்டியின் கூரை பட்டறை ஷட்டரில் 'ணங்' என்று இடிக்கிறது! உன் புருஷன் வாசலை அளக்கவே இல்லை.

முதலாளி முறைத்த முறைப்பில் பெயின்ட் உரிந்தது. சட்டென்று என் மூளையில் ஒரு யோசனை மின்னியது. "எல்லாரும் வண்டியில ஏறுங்க!" என்று கத்தினேன். வெல்டர், பெயின்டர், பக்கத்துக் கடைத் தையல்காரர், கடைசியில் தொப்பையோடு முதலாளியும் ஏற, ஸ்பிரிங் அமுங்கியது. வண்டி மயிரிழை இடைவெளியில் வெளியே வந்தது.

"யோவ், என்னையே எடைக்கல்லாக்கிட்டியே!" என்று முதலாளி சிரித்துவிட்டார். அடுத்த ஜீப்பும் எனக்குத்தான்!

ஒரு சின்ன வேலை. குட்டியைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்து எழுது, கவுன் வாங்கவேண்டும். கடைக்காரர் உயரம் கேட்டால் நான் இன்னும் என் இடுப்பைத்தான் தொட்டுக் காட்டுகிறேன். நான் ஊரிலிருந்து கிளம்பும்போது அவ்வளவுதானே இருந்தாள்?

முதலாளி கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

இப்படிக்கு,
வாசலை அளக்க மறந்தவன்