யோகன், உன் கியர்ப் புத்தகத்தைத் திறந்துவிட்டேன்

அன்பின் சகலன் யோகனுக்கு,

நீ போய் ஆறு வருடமாக உனக்கு ஒரு வரி எழுதாதவன் இன்றைக்கு எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதுவதாக நினைத்துவிடாதே. பாசம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீ இருந்தபோதும் உன்னைப் பார்த்து எரிந்தேன், கடல் உன்னைக் கொண்டுபோன பிறகும் எரிகிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் பொய்.

அக்கா மலரை நான் கட்டினேன், தங்கை வசந்தியை நீ கட்டினாய். ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீடு. மாமி என்னை "மருமகன்" என்று கூப்பிடுவா, உன்னைப் பெற்ற பிள்ளைபோல "மனே" என்பா. அது போகட்டும். கராஜ் யாருடையது? நிலம் நான் வாங்கியது. கொழும்பிலிருந்து பழைய ஜப்பான் வாகனச் சாமான்களை லொறியில் ஏற்றி, சோதனைச் சாவடிக்குச் சாவடி இறக்கி ஏற்றி வந்தவன் நான். நீ கட்டாரிலிருந்து ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தோடு வந்திறங்கினாய். தானாக மாறும் ஓட்டோ கியரைத் துண்டு துண்டாகக் கழற்றிப் புதிதுபோலப் பூட்ட இந்தப் பக்கம் உன்னை விட்டால் ஆளில்லை என்று ஆனது. இரண்டே வருடத்தில் சனம் என் கராஜை "யோகன்ட கராஜ்" ஆக்கிவிட்டது. இன்றைக்கும் அதுதான் பெயர், தெரியுமா?

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒரு வானை ஓட்டிப் பார்க்கக் கல்லடிக் கடற்கரைப் பக்கம் போனாய். அதைப் பற்றி எழுத என்னால் ஏலாது.

உனக்குப் பிறகு ஓட்டோ கியரை நான் தொடவில்லை. சாமான் விற்பதோடு நின்றேன். சண்டை முடிந்து பாதை திறந்ததும் கதை மாறியது. கிரானில் நெல் வாங்கி விற்பவரும் ஓட்டோ கியர் வான், வெல்லாவெளியில் வாத்தியாரும் ஓட்டோ வான். பழுதானால் கொழும்புக்குக் கட்டி இழுக்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன விசரனா?

உன் புத்தகம் பக்கத்து வீட்டிலேயே இருந்தது. வசந்தி அதைச் சாமித்தட்டில் உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தந்திருப்பாள். நான் கேட்கவில்லை. உன் புத்தகத்தைப் பார்த்துச் செய்தால் அதுவும் உன் வேலையாகத்தானே போகும்? கட்டாரில் இருக்கும் என் தம்பியிடம் சொல்லி, கியர் வேலை வீடியோக்களைச் சிடியில் எடுப்பித்தேன்.

வீடியோவைக் குறை சொல்லமாட்டேன். அதில் ஒரு வெள்ளைக்காரன் வேகமாக என்னவோ சொல்கிறான், ஒரு சொல் விளங்கவில்லை. அவன் கை விளங்கியது. எந்த இடத்தில் மெதுவாகத் தட்டுகிறான், எப்படிச் சரித்துத் தூக்குகிறான், சரியாக உட்கார்ந்ததும் என்ன சத்தம் வருகிறது, எல்லாம் தெரிந்தது. நீ கட்டாரில் கண்ணால் பார்த்ததை நான் வீட்டுக் கதிரையில் இருந்து பார்த்தேன். இனி நீ என்ன, நான் என்ன என்று நினைத்தேன்.

முதல் வேலை காத்தான்குடி ஹனீபா காக்காவின் வான். உன் பழைய வாடிக்கையாளர்தான். சாவியைத் தரும்போதே தொடங்கிவிட்டார்.

"யோகன் தம்பி இருந்தா கண்ணை மூடிட்டு விட்டுட்டுப் போவன். நீங்க செய்வீங்களா?"

"செய்வன் காக்கா. அவனென்ன பிறக்கக்குள்ளயே கியரோடயா பிறந்தவன்?"

பூட்டிக் கொடுத்தேன். கல்லடிப் பாலம் தாண்டவில்லை, வான் இரைந்ததே தவிர நகரவில்லை. கருகல் மணம். திரும்பக் கழற்றினால், புதிதாகப் போட்ட கிளச் தட்டுகள் அத்தனையும் கரிக்கட்டை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பன். மறுகா கொழும்புக்குத்தான்," என்றார் காக்கா. கோபப்படவில்லை. அதுதான் பயம். அவர் அந்த வானைக் கட்டி இழுத்துக்கொண்டு போனால் காத்தான்குடியிலிருந்து இனி ஒரு ஓட்டோ வண்டியும் என் வாசலுக்கு வராது.

கொழும்பிலிருந்து வேறு தட்டுகள் எடுப்பித்தேன். ஆனால் எங்கே பிழை விட்டேன் என்று தெரியாமல் எப்படிப் பூட்டுவது? மூன்று நாள் அதே சிடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். மலர் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"செத்த மனிசனோடயும் போட்டியாப்பா உங்களுக்கு? போய்க் கேளுங்கோவன் அந்தப் புத்தகத்த."

வியாழன் பின்னேரம் போனேன். வசந்தி படத்துக்குப் பக்கத்தில் இருந்து புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"இப்பதான் கேக்க மனசு வந்ததா அத்தான்?"

திறந்தேன். ஓரமெல்லாம் பென்சிலால் தமிழில் குறிப்பு. உன் கோழிக் கிறுக்கல் இல்லை, முத்து முத்தான எழுத்து.

"இது ஆர்ர எழுத்து?"

"என்ர எழுத்துதான். அவருக்கு எங்க இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்? நான் வாசிச்சுச் சொல்லுவன், அவர் சாமானைக் கையில வச்சு உருட்டிக்கொண்டு கேப்பார். விளங்காட்டி ரெண்டு பேரும் சண்டை. விளங்கினா நான் எழுதி வைப்பன்."

யோகன், நான் எத்தனை வருடம் உன் படிப்பைப் பார்த்து எரிந்தேன்! இல்லாத படிப்பு அது. போகட்டும் என்று மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. வேறு இடத்தில் பற்றியது. எனக்கும் மலருக்கும் கல்யாணமாகி இத்தனை வருடத்தில், ஒரு பக்கத்தையாவது நாங்கள் சேர்ந்திருந்து வாசித்திருக்கிறோமா?

வசந்தி தாளைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தாள். "புதுத் தட்டைப் பூட்ட முன்னம் கியர் ஓயில்ல ரெண்டு மணித்தியாலம் ஊறப் போடவேணும். காஞ்ச தட்டு எரிஞ்சு போகும். நீங்க என்ன செய்தீங்க?"

என்ன செய்தேனா? பழைய சாமான் வியாபாரி வேறு என்ன செய்வான்? எல்லாவற்றையும்போல மண்ணெண்ணெயில் கழுவி, தகரத்தில் பரப்பி, வெயிலில் காயவைத்துப் பளபளவென்று ஆக்கியிருந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய் மறுபடி வீடியோவைப் போட்டேன். மேசை ஓரத்தில் ஒரு தட்டம், அதற்குள் ஓயில், அதற்குள் தட்டுகள். முதல் நாளிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. ஊத்தை ஓயில், வெள்ளைக்காரன் இன்னும் கழுவவில்லை என்று நினைத்து நான்தான் தள்ளித் தள்ளி ஓடவிட்டேன். கண்ணுக்கு முன்னால் கிடந்ததை என்னவென்று சொல்ல ஒரு வரி எழுத்து வேண்டியிருந்தது.

அன்றிரவே புதுத் தட்டுகளை ஓயிலில் ஊறப் போட்டு, விடிய விடிய இருந்து பூட்டினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஹனீபா காக்கா வந்தார். வானை எடுத்துக் களுவாஞ்சிக்குடி வரை ஓட்டித் திரும்பினார்.

"பட்டு மாதிரிப் போகுது தம்பி. யோகன்ட வேலை மாதிரியே இரிக்கி."

"யோகன்ட இல்ல காக்கா. வசந்தி வாசிச்சவ, நான் பூட்டினன்."

உன் பங்கைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வாய் தவறி விட்டதில்லை. மன்னித்துக்கொள், அந்த நேரம் அவ்வளவு ருசியாக இருந்தது.

அடுத்த கிழமையிலிருந்து வசந்தி புத்தகத்தோடு கராஜுக்கு வரப்போகிறாள். ஒரு பக்கம் வீடியோ, ஒரு பக்கம் அவள், நடுவில் நான். சண்டை பிடிப்போம் என்றுதான் நினைக்கிறேன். நீ பார்த்துக்கொண்டு நில், இந்த முறை நீ எரி.

ஒன்று மட்டும் சத்தியம் பண்ணுகிறேன். இந்த வேலையை எங்கே படித்தாய் என்று யாராவது கேட்டால், உங்கள் இரண்டு பேருடைய பெயரையும் சொல்லுவேன். கேட்காதவனிடம் என் பெயரை மட்டும்தான் சொல்லுவேன். அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

இப்படிக்கு,
மூத்தவளைக் கட்டிய உன் சகலன்,
தவம்