சட்டத் தொகுப்பு, எண் 120

பிர்னோ, 13 ஜனவரி 1977

பனி. நீதிமன்றத்தில் இரண்டு சைக்கிள் திருட்டு வழக்குகள். இரண்டும் ஒரே பத்தியில் அடங்கின. மாலையில் எங்கள் பத்திரிகையின் ஆசிரியர் மிகுலெட்ஸ் கூப்பிட்டார். பிராகில் சிலர் "சாசனம் 77" என்ற ஒன்றில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கட்சிப் பத்திரிகை நேற்று அவர்களைத் துரோகிகள் என்றது. எங்கள் அலுவலகமும் கண்டனத் தீர்மானம் போட வேண்டுமாம். சாசனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றார். அவருக்கும் யாரும் கொடுக்கவில்லை.

17 ஜனவரி

சாசனத்தை வெளிநாட்டு வானொலியில் வாசிக்கக் கேட்டேன். புதிதாக ஒன்றுமில்லை. போன இலையுதிர் காலத்தில் அரசே சட்டத் தொகுப்பில் 120-ஆம் எண்ணாக அச்சிட்ட மனித உரிமை உடன்படிக்கைகளை அரசு கடைப்பிடிக்க வேண்டுமாம். அவ்வளவுதான்.

1948-இல், பாரிஸில், உலக மனித உரிமைப் பிரகடனத்தின்போது நம் தூதுக்குழு வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தது. 1968-இல் உடன்படிக்கைகளில் கையெழுத்து. 1975-இல் ஹெல்சின்கி மாநாட்டில் மறுபடி உறுதிமொழி. பிறகு இந்த அச்சு. பேச்சாக இருந்தது சட்டமாக இத்தனை காலம் ஆயிற்று. படித்தவர்கள் எத்தனை பேர்?

19 ஜனவரி

கூட்டம். மிகுலெட்ஸ் தீர்மானத்தை வாசித்தார். "குடிமக்கள் நாட்டைவிட்டு வெளியேறலாம் என்னும் மேற்கத்தியக் கட்டுக்கதையை நிராகரிக்கிறோம்" என்று ஒரு வரி. கை தூக்கினேன். சட்டத் தொகுப்பைப் பிரித்து, நாம் நிராகரிப்பது குடியரசின் சட்டம் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக்கினார்கள்.

"இது நம்ம சட்டமா?" என்றார் மிகுலெட்ஸ்.

"வெளியுறவு அமைச்சர் கையெழுத்தோட இருக்கு, தோழர்."

அந்த வரியை அடித்தார்கள். பயத்தில் இன்னும் மூன்று வரிகளையும் அடித்தார்கள். மிஞ்சியதில் கண்டனம் இருந்தது. எதைக் கண்டிக்கிறோம் என்பது இல்லை. மற்ற எல்லோரும் கையெழுத்திட்டார்கள். சாசனத்தைப் படித்த பிறகு போடுகிறேன் என்றேன்.

தாழ்வாரத்தில் மிகுலெட்ஸ் சிகரெட் பற்றவைத்தார். மிரட்டல் இல்லை, நட்பான குரல்தான். "பொண்ணு மருத்துவத்துக்குப் போடுறா இல்ல? குடும்பத்தைப் பத்தி நாங்கதான் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கணும், ராடோவான். கொஞ்சம் யோசி."

20 ஜனவரி

மனைவி ஹெட்விகாவிடம் சொன்னேன். அவள் வேதியியல் ஆசிரியை; காய்ச்சலால் இரண்டு வாரமாக விடுப்பில் இருக்கிறாள். அவள் பள்ளியிலும் இதே தீர்மானம் சுற்றுகிறதாம்.

"நீ சொன்னது சரிதான். நீ சரியா இருந்துட்டா, இவெட்டா என்ன படிப்பா?"

மகள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "எனக்காகப் போடாதப்பா. அப்புறம் அதை நான் வாழ்நாள் பூரா சுமக்கணும்."

2 பிப்ரவரி

போடவில்லை. நீதிமன்றச் செய்திகள் கையைவிட்டுப் போயின. இனி வானிலையும் பிறந்தநாள் வாழ்த்துகளும்.

28 ஜூன்

நுழைவுத் தேர்வில் இவெட்டா முதல் பத்துப் பேருக்குள் வந்தாள். கடிதம்: "போதிய இடமின்மையால் சேர்க்க இயலவில்லை." இடமின்மை. பத்துப் பேருக்கா?

அவள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனாள்.

1 ஜூலை

மேல்முறையீடு எழுதினேன். எண் 120, பதின்மூன்றாம் பிரிவு: தகுதியின் அடிப்படையில் உயர்கல்வி எல்லோருக்கும் சமம். கல்லூரி எழுத்தர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க பார்க்கறதுக்குப் போட்டது. இங்க யாருங்க காட்டுவாங்க?" ஆனாலும் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

9 ஆகஸ்ட்

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. காரணம் எழுதவில்லை. இவெட்டாவுக்கு இடம்.

சட்டம் வேலை செய்திருக்கிறது. இந்த வரியை எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். செய்திருக்கிறது.

27 ஆகஸ்ட்

வெள்ளரிக்காய் ஊறுகாய் போடும் சனிக்கிழமை. ஹெட்விகா பாட்டில்களை மூடிக்கொண்டிருந்தாள். குரலை மாற்றாமல் சொன்னாள்: ஜூலையில், மேல்முறையீடு போன பிறகு, தலைமையாசிரியர் கூப்பிட்டாராம். ஜனவரித் தீர்மானத்தில் அவள் பெயருக்கு நேரே இடம் காலியாகவே இருந்ததாம்.

"வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதும்னாரு. போட்டுட்டேன்."

படித்தாயா என்று கேட்டேன்.

"யாரு படிக்கக் கொடுத்தா?"

நான் வினிகரை ஊற்றிக்கொண்டிருந்தேன், நிறுத்தவில்லை. முன்னறையில் இவெட்டா தோழியிடம் பேசுவது கேட்டது. "எங்கப்பா பதிமூணாம் பிரிவைக் காட்டினாரு. அவங்களால ஒண்ணும் பேச முடியல."

ஹெட்விகா கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். அடுத்த பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள்.