மதிலில் உன் முகம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நான் நலம்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை மதில் முழுவதும் நாங்கள் சிலர் சேர்ந்து ஓவியம் வரைகிறோம். எனக்குக் கொடுத்த இடத்தில் உன் முகத்தை வரைந்தேன். முடித்த அன்று காவலுக்கு நிற்கும் மேரியக்கா, "யாருப்பா இது?" என்றார். "எங்கம்மா" என்றேன். சாப்பிட்டுத் திரும்பினால், என் ஏணியிலேயே ஏறி உனக்குச் சாமந்தி மாலை போட்டு, கீழே மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்.

"அம்மா ஊர்ல நல்லா இருக்காங்கக்கா."

"அய்யோ, இம்மாம் பெர்சா வரைஞ்சிகிறியே, தவறிட்டாங்கன்னு நெனச்சிட்டேம்பா."

இருவரும் சிரித்துவிட்டோம். மாலையை நானே ஏறிக் கழற்றினேன்.

இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது, அனுப்பு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உன்னை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்படி தங்கச்சியிடம் சொல். எங்களை வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது.

உன் மகன்
பொன்னரசு